பேராசிரியருக்கு எழுதுவதா, மாணவரிடம் கேட்பதா, பேசாமல் விண்ணப்பித்துவிடுவதா?

பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள்: பேராசிரியருக்கு முன்கூட்டியே மெயில் போடணுமா, வேண்டாமா? போடாவிட்டால் இடமே கிடைக்காது என்று ஒருவர் சத்தியம் செய்வார். அதையெல்லாம் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை, வீண் வேலை என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. வேறு வேறு நாட்டுக்கு, வேறு வேறு துறைக்கு விண்ணப்பித்தவர்கள், அவ்வளவுதான்.

அதனால் யாருக்கு எழுதுவது என்று யோசிப்பதற்கு முன்னால், அந்தப் படிப்பில் இடம் கொடுப்பது யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இதைப் பார்க்காமல் மெயில் எழுத உட்காருகிறவர்களுக்குத்தான் பாதி நேரம் வீணாகிறது.

அமெரிக்காவில் பிஎச்டி சேர்க்கையைப் பெரும்பாலும் துறையின் சேர்க்கைக் குழு முடிவு செய்கிறது. உயிரியல் துறைகள் பலவற்றில் மாணவர் முதல் வருடம் இரண்டு மூன்று லேப்களில் சில வாரங்கள் வீதம் வேலை பார்த்துவிட்டு (இதை ரொட்டேஷன் என்பார்கள்) அப்புறம்தான் நெறியாளரை, அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் கைடை, தேர்ந்தெடுக்கிறார். அப்படிப்பட்ட இடத்தில் விண்ணப்பமே போடாமல் ஒரு பேராசிரியரிடம் போய் "என்னை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது, சொன்னாலும் அதற்குப் பெரிய மதிப்பில்லை. ஆனால் அதே நாட்டில் சூழலியலிலும் மருத்துவ உளவியலிலும் கதை வேறு. அங்கே பல துறைகளில் குறிப்பிட்ட பேராசிரியரின் லேபுக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள், அவர் அந்த வருடம் யாரையும் எடுக்கவில்லை என்றால் உங்கள் விண்ணப்பம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

பிரிட்டனில் ஆய்வு முன்மொழிவைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் நெறியாளரைப் பிடித்து, அவர் சரி என்ற பிறகு விண்ணப்பிப்பது வழக்கம். அங்கேயே டாக்டரல் ட்ரெயினிங் சென்டர் என்ற மையங்களும் உண்டு; அவை வருடத்துக்கு ஒரு குழுவாக ஆட்களை எடுப்பதால் விண்ணப்பம் மையத்துக்கே போகும். கனடாவில் ஆய்வேடு எழுதும் முதுநிலைப் படிப்புக்கே பல துறைகள் நெறியாளரின் சம்மதத்தைக் கேட்கின்றன. ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் பேராசிரியர் ஒப்புக்கொள்வதுதான் பெரும்பாலும் முதல் படி. ஜெர்மனியில் இரண்டு வழியும் திறந்திருக்கிறது: நீங்களே நெறியாளரைத் தேடிக்கொள்ளலாம், அல்லது மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்களின் ஐஎம்பிஆர்எஸ் போன்ற, குழுவாக ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்கும் பிஎச்டி பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கலாம். இது போக, பிஎச்டி இடங்கள் சம்பளத்தோடு வேலை விளம்பரமாகவே வரும். விளம்பரம் வந்துவிட்டால் அதில் சொன்னபடி செய்தால் போதும்.

வெறும் பாடம் படித்து முடிக்கும் முதுநிலைப் படிப்பு என்றால் பேராசிரியருக்கு எழுதுவதை மறந்துவிடலாம். அவருக்கும் உங்கள் சேர்க்கைக்கும் அநேகமாக எந்தச் சம்பந்தமும் இல்லை.

இப்போது வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதலில் எல்லோரும் செய்வது, பல்கலைக்கழகத் தரவரிசையையும் துறையின் இணையதளத்தையும் பார்த்துப் பட்டியல் போடுவது. செலவில்லாத வழி, ஆனால் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். 2003-இல் தொடங்கிய ஷாங்காய் தரவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 30 சதவீதம், பழைய மாணவர்களும் பேராசிரியர்களும் வாங்கிய நோபல் பரிசையும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும் வைத்துத் தரப்படுகிறது. நீங்கள் சேரப்போகும் துறையில் நெறியாளர் வாரம் ஒருமுறையாவது உங்களைப் பார்ப்பாரா என்பதற்கும் எப்போதோ வாங்கிய நோபலுக்கும் என்ன தொடர்பு? கணினித் துறைக்கு சிஎஸ்ரேங்கிங்ஸ் என்ற இணையதளம் கொஞ்சம் பரவாயில்லை. எந்த உட்பிரிவில் யார் எவ்வளவு வெளியிடுகிறார்கள் என்று பேராசிரியர் பெயரோடு காட்டுவதால், அதைத் தரவரிசை என்று பார்க்காமல் பெயர்ப் பட்டியலாகப் பார்த்தால் உருப்படியாக இருக்கும். துறை இணையதளத்திலோ நெறியாளர்கள் பட்டியல் பல நேரம் பழசு. ஓய்வு பெற்றவர், வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனவர், நிர்வாகப் பதவிக்குப் போய் மாணவர் எடுப்பதையே நிறுத்தியவர் எல்லோரும் சிரித்தபடி அதில் இருப்பார்கள்.

இதைவிடப் பல மடங்கு பயன் தரும் ஒரு வேலை இருக்கிறது, ஆனால் ஏனோ யாரும் செய்வதில்லை: அந்த நெறியாளரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளை எடுத்துப் பார்ப்பது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆய்வேடுகளை இணையக் களஞ்சியத்தில் திறந்தே வைத்திருக்கின்றன. முழுதாகப் படிக்க வேண்டாம். தலைப்புகளை வரிசையாகப் பார்த்தால், மாணவர்கள் தங்கள் சொந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு போகிறார்களா, இல்லை எல்லோரும் கைடுடைய ஒரே திட்டத்தின் துண்டுகளைச் செய்கிறார்களா என்று தெரிந்துவிடும். இதில் எது நல்லது என்பது உங்களைப் பொறுத்தது. சிலருக்குத் துண்டு கையில் கிடைப்பதுதான் நிம்மதி.

அப்புறம் நன்றியுரை. நெறியாளருக்கு ஒற்றை வரியில் சம்பிரதாய நன்றி, அதற்கடுத்த பத்தி முழுக்க ஒரு போஸ்ட்டாக்கை (பிஎச்டி முடித்துவிட்டு லேபில் வேலை பார்க்கும் ஆய்வாளரை) பற்றி, "வாராவாரம் என்னோடு உட்கார்ந்து தரவைப் பார்த்தவர், அவர் இல்லாமல் இதை முடித்திருக்க மாட்டேன்" என்று இருந்தால், அந்த லேபில் உண்மையில் யார் கைடு என்று புரிந்துவிடுகிறது. அந்த போஸ்ட்டாக் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று அடுத்து பார்க்க வேண்டும், அநேகமாக இருக்க மாட்டார். ஒரு நன்றியுரையை வைத்து ஒருவரை எடைபோடக் கூடாதுதான். நான்கைந்தை அடுத்தடுத்துப் படித்தால் ஒரு சாயல் தெரியும்.

ஒரு குறை உண்டு. ஆய்வேடு என்பது முடித்தவர்களின் கணக்கு மட்டுமே. அமெரிக்காவின் கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் நடத்திய பிஎச்டி நிறைவு ஆய்வில், பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது முடித்திருந்தவர்கள் சுமார் 57 சதவீதம்தான். இலக்கியம், வரலாறு போன்ற கலைத் துறைகளில் அது பாதிக்கும் கொஞ்சம் கீழே. மீதிப் பேர் எங்கே என்று எந்த லேபின் பக்கமும் சொல்லாது. அதற்கு, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த லேபின் 'உறுப்பினர்கள்' பக்கத்தைப் போட்டு, நான்கு வருடத்துக்கு முன், இரண்டு வருடத்துக்கு முன், இன்று என்று மூன்று பிரதிகளைத் திறந்து பாருங்கள். அன்று இரண்டாம் வருட மாணவராக இருந்து, இன்று மாணவர் பட்டியலிலும் இல்லாமல் முன்னாள் மாணவர் பட்டியலிலும் இல்லாமல் போன பெயர்கள் இருந்தால், கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது. ஒரு பெயர் காணாமல் போவது சகஜம், வாழ்க்கையில் ஆயிரம் காரணம் இருக்கும். மூன்று பெயர் என்றால் நான் அந்த லேபுக்கு மெயிலே போட மாட்டேன்.

பணத்தையும் இதே மாதிரி வெளியிலிருந்தே பார்க்க முடியும். அமெரிக்க அரசின் ஆய்வு நிதி அமைப்புகளான என்எஸ்எஃப், என்ஐஎச் தரும் நிதிகளுக்கும், ஐரோப்பிய ஒன்றியத் திட்டங்களுக்கும், பிரிட்டனின் அரசு நிதிகளுக்கும் பொதுத் தேடுதளங்கள் இருக்கின்றன. பேராசிரியர் பெயரைப் போட்டால் திட்டத்தின் சுருக்கம், தொகை, தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் வரும். நீங்கள் சேரும் வருடமே முடிகிற திட்டத்தைப் பார்த்து அந்தத் தலைப்பில் ஆசைப்பட்டு எழுதினால், நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த லேப் வேறு வேலைக்குப் போயிருக்கும். புதிதாகத் தொடங்கிய திட்டம் இருந்தால் ஆள் தேவைப்படும். வெளியான கட்டுரை பழைய வேலை, நிதிச் சுருக்கம் இனி நடக்கப்போகும் வேலை. எழுதுவதற்கு முன் இரண்டையும் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களுடைய மெயில் தனியாகத் தெரியும்.

சரி, பேராசிரியருக்கு எழுதும் வழிக்கு வருவோம். இதில் லாபம் பெரியது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. நெறியாளரே ஆள் எடுக்கும் முறையில் அந்த மெயில்தான் கிட்டத்தட்ட விண்ணப்பம். குழு எடுக்கும் முறையில் அது ஒரே ஒரு தகவலைத் தரும்: இந்த வருடம் இவர் மாணவர் எடுக்கிறாரா. அந்த ஒரு தகவலும் சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு விண்ணப்பத்துக்கே 75 முதல் 125 டாலர் வரை கட்டணம் போகிறது. எழுதும் முன் அவருடைய சொந்த இணையப் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். "விண்ணப்பத்தில் என் பெயரைக் குறிப்பிட்டால் போதும், தனியாக எழுத வேண்டாம்" என்று பலர் அங்கேயே போட்டிருப்பார்கள். மெயில் தலைப்பில் இந்தச் சொல்லைச் சேருங்கள், அப்போதுதான் என் பக்கத்தைப் படித்தீர்கள் என்று தெரியும் என்று பொறி வைத்திருப்பவர்களும் உண்டு.

தினமும் அவர்களுக்கு வந்து குவிவது இப்படி இருக்கும்: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் உலகப் புகழ்பெற்ற ஆய்வுகளைக் கண்டு வியந்தேன். தங்கள் மேலான வழிகாட்டுதலில் முனைவர் பட்டம் பெற ஆவலாக உள்ளேன். சுயவிவரம் இணைப்பில்." பெறுகிறவர் பெண்ணாக இருந்தாலும் ஐயாதான். பெயரை மாற்றாமலே ஆயிரம் பேருக்கு அனுப்ப முடிகிற மெயிலை ஆயிரம் பேருக்கு அனுப்பியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து எழுதி வாங்கினால் ஐயா மட்டும் போய்விடும், மற்றபடி அதே வெறுமைதான், இன்னும் வழுவழுப்பாக.

இதற்குப் பதில் இப்படி ஒன்றை எண்ணிப்பாருங்கள்: "ஆற்றுப் படிவுகளில் பிளாஸ்டிக் துகள்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் மாதிரிகளை மழைக்காலத்துக்கு முன்பு மட்டும் எடுத்திருந்தீர்கள். என் முதுநிலை ஆய்வில் வெள்ளம் வடிந்த பிறகு எடுத்த மாதிரிகளில் சிறிய துகள்கள் வெகுவாகக் குறைந்திருந்ததைப் பார்த்தேன். இதைத் தொடர விரும்புகிறேன். அடுத்த ஆண்டு சேர்க்கையில் புது மாணவர் எடுக்கிறீர்களா?" இவ்வளவுதான். அவருடைய கட்டுரையை அவருக்கே சுருக்கிச் சொல்லவில்லை. தான் செய்த வேலை ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டது. கடைசிக் கேள்விக்கு அவர் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே போனிலிருந்தே ஒரு வரியில் பதில் போட முடியும். "என் வாய்ப்பு எப்படி இருக்கும்?" என்று கேட்டால் யாராலும் அப்படிப் பதில் போட முடியாது.

வந்த பதிலைப் படிப்பதும் ஒரு கலை. "ஆர்வத்துக்கு நன்றி, விண்ணப்பிக்கவும்" என்பது மரியாதை, அதை வாக்குறுதியாக எண்ணிச் சந்தோஷப்பட வேண்டாம். "அடுத்த வாரம் பேசலாமா?" என்று வந்தால்தான் உண்மையான ஆர்வம். இந்த வருடம் எடுக்கவில்லை என்று வந்தால் அதுவே பெரிய உதவி, நன்றி சொல்லிவிட்டு, இதே துறையில் வேறு யாரைப் பார்க்கலாம் என்று கேட்கலாம், பலர் சொல்வார்கள். பதிலே வராவிட்டால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிட வேண்டும்.

மாணவர்களிடம் கேட்பதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லா வழியிலும் மேலானது. இடம் வாங்கித் தராது, ஆனால் தவறான இடத்தில் ஐந்து வருடம் உட்காராமல் காப்பாற்றும். யாரைக் கேட்பது என்பது முக்கியம். முதல் வருடத்தினருக்கு எல்லாமே இன்னும் தேனாக இருக்கும். கடைசி வருடத்தினர் ஆய்வேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதால் எதைக் கேட்டாலும் கசப்பாகச் சொல்வார்கள். மூன்றாம், நான்காம் வருடத்தில் இருப்பவர்களும், முடித்துப் போய் நெறியாளரின் பரிந்துரைக் கடிதம் இனித் தேவைப்படாத நிலையில் இருப்பவர்களும்தான் சரியான ஆள்.

என்ன கேட்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுகிறார்கள். "கைடு நல்லவரா?" என்று கேட்டால் "ரொம்ப நல்லவர்" என்றுதான் வரும். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக அவரோடு தனியாக எப்போது உட்கார்ந்து பேசினீர்கள்? எழுதிக் கொடுத்த வரைவு திரும்பி வர எத்தனை நாள் ஆனது? போன கோடையில் உங்கள் சம்பளம் எங்கிருந்து வந்தது? கடைசியாக லேபை விட்டுப் போன இரண்டு பேர் இப்போது எங்கே? உடம்பு சரியில்லாமல் ஒரு வாரம் வராமல் இருந்தால் என்ன நடக்கும்? இவற்றுக்கு வரும் பதிலில் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை, நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமும் பதில்தான். மெயிலில் கேட்காமல் பேச நேரம் கேளுங்கள். நெறியாளரைப் பற்றி எழுத்தில் குறை சொல்லி மாட்டிக்கொள்ள எந்த மாணவரும் விரும்ப மாட்டார், அப்படி எழுதச் சொல்வது நியாயமும் இல்லை.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. ஒருவருக்கு நெறியாளர் மேல் சொந்தக் கோபம் இருக்கலாம். அதனால் ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் கேட்க வேண்டும், அதில் ஒருவராவது பேராசிரியரே "இவரிடம் பேசுங்கள்" என்று கைகாட்டாத ஆளாக இருக்க வேண்டும். கூச்சமாக இருக்கிறது, முன்பின் தெரியாதவருக்கு எப்படி எழுதுவது என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: எம்ஐடி, ஸ்டான்ஃபோர்ட், வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் கணினித் துறை மாணவர்கள், விண்ணப்பிப்பவர்களின் நோக்க அறிக்கையை (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்) படித்துக் கருத்துச் சொல்லும் உதவித் திட்டங்களைத் தாங்களே நடத்தி வந்திருக்கிறார்கள். விண்ணப்பக் கெடுவுக்கு வெகு முன்னாலேயே இவற்றின் கெடு முடிந்துவிடும், அதனால் சீக்கிரம் தேட வேண்டும்.

சேர்க்கை அலுவலகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதைச் சரியாகப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. கட்டண விலக்கு உண்டா, ஜிஆர்ஈ நுழைவுத் தேர்வு தேவையா, ஆங்கிலத் தேர்விலிருந்து யாருக்கு விலக்கு, மதிப்பெண் சான்றிதழை எந்த வடிவில் அனுப்புவது என்பதெல்லாம் இவர்கள் வேலை. பேராசிரியரிடம் கேட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். தகுதி விதிகளையும் இங்கேயே உறுதி செய்துகொள்ளுங்கள்; ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் பிஎச்டி இடங்களுக்கு, சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்த இடம் இருக்கும் நாட்டிலேயே வசித்திருந்தால் பொதுவாகத் தகுதியே கிடையாது. இது தெரியாமல் அருமையான மெயில் எழுதி என்ன பயன்? போன வருடம் எத்தனை பேருக்கு இடம் கொடுத்தீர்கள், அதில் எத்தனை பேருக்கு முழு உதவித்தொகை, சராசரியாக எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள் என்றும் அலுவலகத்தைக் கேட்கலாம். டியூக் போன்ற சில பல்கலைக்கழகங்கள் துறைவாரியாக இந்தக் கணக்கைத் தாங்களே இணையத்தில் வைத்திருக்கின்றன. துறைப் பக்கத்தில் 'தேர்ந்தெடுத்த வேலைவாய்ப்புகள்' என்று பெருமையாகப் போட்டிருந்தால், தேர்ந்தெடுக்காதவை எத்தனை என்று கேட்கவும் தயங்க வேண்டாம்.

யாருக்கும் எழுதாமல் நேராக விண்ணப்பிப்பதை மட்டமாக நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரொட்டேஷன் முறை, மையம் வழியாக எடுக்கும் முறை, பாடமுறை முதுநிலை ஆகிய மூன்றுக்கும் இதுவே போதும். மெயில் எழுதும் நேரத்தை நோக்க அறிக்கையில் போட்டால் பலன் அதிகம். ஆனால் எழுதாமல் இருப்பதும் விசாரிக்காமல் இருப்பதும் வேறு. பாடமுறை முதுநிலைக்குச் சொந்தக் கையிலிருந்து பெரிய தொகை கட்டுகிறவர், லிங்க்ட்இன்னில் அந்தப் படிப்பை இரண்டு மூன்று வருடத்துக்கு முன் முடித்த நான்கு பேரைத் தேடி, வேலை கிடைக்க எவ்வளவு நாள் ஆனது என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது. பல்கலைக்கழகமே தூதுவர் என்று பெயர் கொடுத்து நிறுத்தியிருக்கும் மாணவரிடம் கேட்டால் நல்ல கதைதான் கிடைக்கும்.

நேரம் குறைவாக இருந்தால் எதை விடலாம் என்று கேட்டால், நெறியாளரே எடுக்கும் முறையில் ஆய்வேடுகளையும் பேராசிரியர் மெயிலையும் விடக் கூடாது, மாணவர் பேச்சைப் பேராசிரியர் ஆர்வம் காட்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம். குழு எடுக்கும் முறையில் பேராசிரியர் மெயிலைத்தான் நான் முதலில் வெட்டுவேன். இடம் கிடைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கேட்டுத் தீர்த்துவிட வேண்டும் என்றும் இல்லை. கோடைச் சம்பளம், நெறியாளர் மாற முடியுமா, விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள் போன்ற சங்கடமான கேள்விகளைக் கையில் சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு கேட்டால் எல்லோரும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள், அப்போது தேடி வருவது அவர்கள். அமெரிக்காவில் உதவித்தொகையோடு வந்த அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவதாகப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன, அதற்கு முன் அவசரப்படுத்தினால் அந்தத் தேதியை நினைவுபடுத்தலாம். மற்ற நாடுகளில் இப்படிப் பொதுவான தேதியை எதிர்பார்க்க முடியாது, சில நாட்களிலேயே பதில் கேட்பார்கள். அங்கே இந்தக் கேள்விகளை நேர்காணலின் கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று வரும் இடத்துக்காக எழுதித் தயாராக வைத்திருங்கள்.